ஜன்னல் பக்க மூலை: ஒரு பூல் டேபிளைப் பிரித்தபோது பிடிபட்ட கோளாறு

எட்டடி பூல் டேபிள். பந்து ஓடும் தளம் மூன்று துண்டு ஸ்லேட் கல், ஒவ்வொன்றும் ஓர் அங்குலக் கனம். தனித்தனியாக ஆறு ரெயில் (பந்து மோதித் திரும்பும், நுனியில் ரப்பர் வைத்த ஓரக்கட்டை), தோல் பாக்கெட், மரச் சட்டம், நாலு கால். மாடி அறையில் ஜன்னலை ஒட்டிப் பல வருஷமாகக் கிடந்தது. வீட்டுக்காரர் இடம் மாறுகிறார், புது இடம் தயாராகச் சில மாதம் ஆகும், அதுவரை பிரித்துப் பத்திரமாக வைக்க வேண்டும், பிறகு அங்கே பூட்டித் தர வேண்டும். எங்களுக்குச் சொல்லப்பட்ட வேலை இவ்வளவுதான். ஆனால் பிரிக்கும்போது அந்த டேபிளில் ரொம்ப நாளாக இருந்த ஒரு கோளாறுக்கும் காரணம் கிடைத்தது. அவசரமாகக் கழற்றியிருந்தால் அந்தத் தடயம் எல்லாம் குப்பையோடு போயிருக்கும் என்பதால் முழுசாக எழுதி வைக்கிறேன்.

கோளாறு இதுதான்: மெதுவாக அடித்த பந்து கடைசியில் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

"வலது கால் இறங்கிடுச்சு தம்பி, அடியில அட்டை வச்சுத்தான் ஓட்டிக்கிட்டு இருக்கோம்" என்றார் வீட்டுக்காரர். குனிந்து பார்த்தால் உண்மைதான், கால்பக்கத்து வலது காலுக்கு அடியில் மடித்த அட்டை, அதற்குமேல் இன்னொன்று, அதுவும் நசுங்கி ஒரு மெல்லிய மரத்துண்டு.

"அண்ணே, ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் உருட்டிப் பார்த்துக்கறேன்."

"பிரிக்கப் போற டேபிளுக்கு மட்டம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். ஆனால் பிரித்துவிட்டால் அந்தக் கோளாறை மறுபடி பார்க்க முடியாது. புது இடத்தில் பூட்டிய பிறகு பந்து இழுத்தால், அது பழைய நோயா, நாம் பூட்டியதில் வந்ததா என்று யாருக்கும் தெரியாது, பழி மட்டும் கடைசியாகத் தொட்டவன் தலையில் விழும்.

உருட்டிப் பார்த்தது

எங்கே நின்று பார்க்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் பக்கம் தலைப்பக்கம், பந்துகளை அடுக்கும் பக்கம் கால்பக்கம். தலைப்பக்கத்தில் நின்றால் ஜன்னல் இடது கைப்பக்கம், கால்பக்க மூலைக்கு நேராக.

தலைப்பக்கத்தில் இருந்து பந்தைக் கையாலேயே மெதுவாக உருட்டினோம், எதிர்ப்பக்க ரெயிலைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற வேகத்தில். வேகமாக அடித்தால் எந்த டேபிளும் நேராகத்தான் தெரியும், பந்து சாகப்போகிற நேரத்தில்தான் தளம் உண்மையைச் சொல்லும். நடுக்கோட்டில் உருட்டிய பந்து முதலில் மிக லேசாக இடது பக்கம் ஒதுங்கியது. அப்புறம் கால்பக்கத்துக்கு வந்ததும் திரும்பி வலது பக்கம் போனது. பாதையைச் சாக்பீஸால் வரைந்திருந்தால் நீண்டு மெலிந்த ஒரு வளைவு நெளிவு கிடைத்திருக்கும்.

கால் இறங்கிய கதை இங்கேயே ஆட்டம் காண்கிறது. தளம் முழுவதும் ஒரே பலகையாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பந்து எங்கே உருண்டாலும் அந்த ஒரே பக்கம்தான் போக வேண்டும். ஒரே டேபிளில் இரண்டு திசை என்றால் ஒன்று சட்டம் முறுக்கிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை ஸ்லேட் துண்டு ஒன்று மட்டும் மற்றதோடு ஒத்துப்போகாமல் நிற்க வேண்டும். சட்டம் முறுக்கினால் சாய்வு கொஞ்சம் கொஞ்சமாக மாறும். இங்கே அப்படி இல்லை, நடுத்துண்டும் கால்பக்கத் துண்டும் சேரும் இணைப்பைத் தாண்டியதுமே பந்து மனசை மாற்றிக்கொண்டது. சாய்வாக டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த இணைப்பின் மேல் துணியில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. தலைப்பக்க இணைப்பில் அப்படி எதுவும் இல்லை.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் பந்து இழுக்கும் என்று கேட்பவர்களுக்கு: உலக பூல் சங்கத்தின் அளவுக்குறிப்பு நீளவாக்கில் சுமார் அரை மில்லிமீட்டர், அகலவாக்கில் சுமார் கால் மில்லிமீட்டர் வரைதான் தளம் தவறலாம் என்கிறது. கடையில் வாங்கும் வழக்கமான மட்டப்பலகையின் துல்லியமே ஒரு மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் என்ற அளவில்தான் இருக்கும். அதை வைத்து எட்டடி டேபிளைச் சரிபார்த்துவிட்டு "மட்டம் சரியாத்தானே காட்டுது" என்பதில் அர்த்தம் இல்லை. இயந்திரம் பொருத்துபவர்கள் வைத்திருக்கும் நுண்மட்டம் வேண்டும். அது கைவசம் இல்லை என்றால் நல்ல பந்து ஒன்றும் பொறுமையும் போதும், மட்டப்பலகையைவிடப் பந்து கூர்மையான கருவி.

ஏன் அப்படியே தூக்கக் கூடாது

நாலு பேர் பிடித்து அப்படியே இறக்கிவிடலாமே என்று யாராவது ஒருவர் எல்லா வீட்டிலும் சொல்வார். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டடி டேபிளின் ஸ்லேட் தோராயமாக 240 சென்டிமீட்டர் நீளம், 127 அகலம், 2.5 கனம். ஸ்லேட் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7, 2.8 கிராம் இருக்கும். பெருக்கினால் கல் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும், ஒரு துண்டு ஏறக்குறைய 70 கிலோ. ரெயில், சட்டம், கால் எல்லாம் சேர்த்தால் முந்நூற்றுச் சொச்சம். எடைகூடப் பரவாயில்லை, ஆள் சேர்த்தால் தூக்கிவிடலாம். டேபிளின் கால் நேர்கீழாக வரும் பாரத்துக்குச் செய்யப்பட்டது, பக்கவாட்டில் இழுத்தால் அதன் போல்ட் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு மூலையை மட்டும் உயர்த்தினால் சட்டம் முறுக்கும், முறுக்கினால் மூன்று கல்லின் இணைப்பும் விரியும். அதோடு ரெயிலோடு சேர்த்து 140 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்று எந்த அறைக்கதவு வழியாகவும் படுத்தவாக்கில் போகாது.

எல்லா டேபிளும் ஒரே ரகம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு போட்டு ஆடும் ஏழடி டேபிள்களில் பெரும்பாலும் ஸ்லேட் ஒரே துண்டு, அதைப் பிரிக்கும் முறை வேறு. பன்னிரண்டடி ஸ்னூக்கர் டேபிளில் ஐந்து துண்டு, எடை ஒரு டன்னுக்கு மேல், அதைத் தொழில்காரர்களிடம் விட்டுவிடுவதுதான் புத்தி. எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) தளம் போட்ட வீட்டு ரகமாக இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவையே இல்லை.

பாக்கெட், ரெயில், சுற்றிக்கொண்ட ஒரு போல்ட்

கழற்றுவதற்கு முன் படம் எடுத்தோம், மேலிருந்து, கீழிருந்து, நாலு மூலையிலும். ஒவ்வொரு ரெயிலின் அடியிலும் எண் போட்டோம், தலைப்பக்க ரெயிலில் இருந்து கடிகாரச் சுற்றில். டேப் ஒட்டி அதன்மேல் எழுதுவது எனக்குப் பிடிக்காது, சில மாதத்தில் பசை காய்ந்து உதிர்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத அடிமரத்திலேயே மார்க்கரால் எழுதிவிடலாம்.

முதலில் பாக்கெட். தோல் பாக்கெட்டின் கீழ்ப்பாகம் ஸ்லேட்டுக்கு அடியில் உள்ள மரப்பட்டியில் ஆணியாலோ ஸ்டேப்ளர் பின்னாலோ அடித்திருக்கும், அதன் இரும்பு வளையத்தின் இரண்டு காதுகளும் இரண்டு பக்க ரெயிலோடு போல்ட்டில் பிணைந்திருக்கும். அடி ஆணியை முதலில் எடுக்க வேண்டும். காதை முதலில் கழற்றினால் இரும்பின் எடை முழுவதும் காய்ந்த தோலில் தொங்கும், பழைய தோல் அந்த இடத்தில்தான் கிழியும்.

அடுத்து ரெயில். ஒவ்வொன்றுக்கும் மூன்று போல்ட், ஆறுக்கும் பதினெட்டு, எல்லாம் ஸ்லேட்டுக்கு அடியில் இருந்து மேல்நோக்கி ஏறியவை. கை ராட்செட்டில்தான் கழற்ற வேண்டும். பேட்டரி இம்பாக்ட் கருவியை வைத்து 'டர்ர்' என்று எடுப்பது வேகமாக இருக்கும், ஆனால் ரெயில் மரத்துக்குள் பதித்த நட்டு ஒன்று பிடிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தால் அந்த வேகத்தில் கையில் தெரியாது, தெரியும்போது மரம் குடைந்து போயிருக்கும். கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது மேலே ஒருவர் ரெயிலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நுனி ரப்பர் முதலில் தரையில் அடிபடுவது அப்படித்தான்.

பதினேழு போல்ட் சொன்னபேச்சு கேட்டது. இடது பக்க நீள ரெயிலின் கால்பக்கக் கடைசிப் போல்ட், அதாவது ஜன்னல் மூலையில் இருந்தது மட்டும் உள்ளே நட்டோடு சேர்ந்து சுற்றியது. ரெயிலுக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய பிளைவுட் துண்டைச் செருகி ரெயிலை லேசாக மேல்நோக்கி அழுத்தி வைத்தால் நட்டு மரத்தோடு இறுகிப் பிடிக்கும், அந்த இறுக்கத்தில் போல்ட்டைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினால் வந்துவிடும். வந்தது. மரை முழுக்கத் துரு. மற்ற பதினேழில் ஒன்றில்கூடத் துரு இல்லை. அந்த ஒரு போல்ட்டைத் தனிப் பையில் போட்டு எழுதி வைத்தோம்.

துணிக்கு அடியில்

துணியை இந்த டேபிளில் பின் அடித்து இழுத்திருந்தார்கள். பசை போட்டு ஒட்டியிருந்தால் வேறு மாதிரி, ஒரு ஓரத்தைக் கிளப்பிச் சீராக உரிக்க வேண்டும், அப்படி உரித்த துணி மறுபடி உதவாது. பின் அடித்த துணியைத் திரும்பப் போடலாமா என்று கேட்பார்கள். புதிது என்றால் முயன்று பார்க்கலாம், கம்பளித் துணி ஒருமுறை இழுத்து ஆடிய பிறகு அதன் நீட்சி ஒரே சீராக இருக்காது, பந்து ஓடிய தடமும் பிரேக் அடித்த புள்ளியும் வேறு இடத்தில் வந்து உட்காரும். இந்தத் துணியை வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ரெயில் துணியை மட்டும் தொடவில்லை, அது ரெயிலோடு இருந்தால்தான் ரப்பருக்கும் ஒரு போர்வை.

பின்களைப் பிடுங்கும்போது மறுபடி அதே மூலை. மற்ற இடத்தில் பின் பளபளவென்று முழுசாக வந்தது, ஜன்னல் மூலையில் துருப்பிடித்துப் பாதியில் ஒடிந்தது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் பழுப்பு வளையம், தண்ணீர் இறங்கிக் காய்ந்த கறை. மேல்பக்கம் அது தெரியவே இல்லை, தண்ணீர் மேலிருந்து கொட்டியதல்ல, ஜன்னல் பக்கமிருந்து ஓரத்தில் ஏறியது.

பிறகு இணைப்புகள். மூன்று கல் என்றால் இரண்டு இணைப்பு. வழக்கமாக அந்த இடுக்கைத் தேன்மெழுகால் அடைத்து மேலே சீவிவிடுவார்கள். தலைப்பக்க இணைப்பில் மெழுகுதான் இருந்தது. கால்பக்க இணைப்பில் காரின் டிங்கர் வேலைக்குப் போடும் கெட்டிப் புட்டி! ஒரே டேபிளில் ஒரே ஆள் இரண்டு பொருள் போட மாட்டார். யாரோ பிறகு வந்து அந்த ஓர் இணைப்பை மட்டும் திறந்து, தட்டுப்பட்ட படியைப் புட்டியால் மெழுகிச் சரிசெய்ததாக நினைத்துப் போயிருக்கிறார்கள். புட்டியின் நடுவே முடி போல ஒரு விரிசல். கல் அதற்குப் பிறகும் நகர்ந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம். துணியில் கோடாகத் தெரிந்ததும் இதுதான்.

மெழுகு இருந்த பக்கம் சுலபம். தேன்மெழுகு 62, 64 டிகிரியில் உருகிவிடும், ஹீட் கன்னைத் தூரமாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும், பட்டைத் தகட்டால் சுரண்டி எடுக்கலாம். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் அடியில் ஒட்டிய மரம் கெடும். புட்டி உருகாது. அதை நெம்பினால் ஸ்லேட்டின் விளிம்பு அதோடு பெயர்ந்து வரும், ஏனென்றால் ஸ்லேட் அடுக்கடுக்காகப் பிளக்கும் கல், கூரைக்கு ஓடாகப் பிளந்து எடுக்க முடிவதும் அந்தக் குணத்தால்தான். அதனால் இடுக்கின் நேர்க்கோட்டில் பிளேடை ஓட்டி ஓட்டிப் புட்டியை வெட்டினோம், நெம்பவில்லை. இந்த வேலையிலேயே நேரம் தின்றது இதுதான்.

அடுத்து, கல்லைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள். அவற்றின் தலைகள் கல்லுக்குள் இறங்கி, மேலே மெழுகு பூசியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் உள்ள மெழுகைச் சுரண்டி, பள்ளத்தைச் சுத்தம் செய்து, கை ஸ்க்ரூடிரைவரால் எடுக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூ மறந்து உள்ளே இருக்கும்போது கல்லைத் தூக்க முயன்றால் அந்தத் துளையைச் சுற்றி வெடித்துவிடும். அதனால் எண்ணி எடுத்தோம், எண்ணிப் பையில் போட்டோம்.

கல்லைத் தூக்கிய விதம்

சில ஸ்லேட்டுகளில் துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே உலோக முளை இருக்கும், இரண்டும் நேர்மட்டமாக உட்கார. இந்த டேபிளில் இருந்தது. முளை இருந்தால் கல்லை நேராக மேலே தூக்கவே கூடாது, முதலில் வெளிப்பக்கமாக, படுத்தவாக்கிலேயே நகர்த்தி முளையைத் துளையில் இருந்து விடுவிக்க வேண்டும். அதனால் ஓரத் துண்டுகள் முதலில், நடுத்துண்டு கடைசியில்.

நகர்த்திய கல்லைச் சட்டத்தின் மேலேயே ஒரு விளிம்பில் நிமிர்த்தி, அப்புறம்தான் தூக்க வேண்டும். ஒரு நீள ஸ்கேலைப் படுக்கவைத்து இரு நுனியைப் பிடித்தால் எப்படித் தொய்கிறது, விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் எப்படி விறைப்பாக நிற்கிறது என்று பார்த்திருப்பீர்கள். கல்லிலும் அதே கணக்கு. இந்தத் துண்டு ஏறக்குறைய 127க்கு 80 சென்டிமீட்டர், கனம் 2.5. படுக்கவைத்து நுனியில் தாங்கினால் அதன் அடிப்பரப்பில் விழும் இழுவிசை, விளிம்பில் நிறுத்தினால் விழுவதைவிடச் சுமார் 30 மடங்கு. ஸ்லேட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. படுத்தவாக்கில் தூக்கி நடுவில் ஒரு குலுங்கல் குலுங்கினால் போதும்.

ஓரத் துண்டுகளில் பாக்கெட்டுக்காக மூலை வெட்டியிருக்கும், அங்கே கல் கொம்பு போலக் குறுகி நிற்கும். அதைக் கைப்பிடியாக நினைத்துப் பிடிக்க வேண்டாம், தரையில் வைக்கும்போதும் அந்தப் பக்கம் கீழே வரக் கூடாது. நடுத்துண்டில் பக்கப் பாக்கெட்டின் வெட்டு இரண்டு பக்கமும் இருக்கும், அங்கேயும் அதே கவனம். தரையில் முன்கூட்டியே இரண்டு மரச்சட்டம் போட்டு, மேலே கெட்டித் துணி விரித்து, அதன்மேல் இறக்கினோம். வெறும் தரையில் ஒரு மூலை முதலில் பட்டால் அந்த மூலை போச்சு.

ஒவ்வொரு கல்லையும் நிறுத்தியதும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தோம். நல்ல ஸ்லேட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் செத்திருக்கும். மூன்றும் கணீர்தான். கல் வளைந்திருக்குமோ என்ற சந்தேகமும் நேர்விளிம்பு வைத்துப் பார்த்ததில் போய்விட்டது. கல்லின் அடிப்பக்கத்தில் எண்ணும் தலைப்பக்கத்தைக் காட்டும் அம்பும் எழுதினோம். மூன்று துண்டையும் சேர்த்து வைத்து ஒன்றாகத் தேய்த்துச் சமன்செய்வது வழக்கம் என்பதால், ஒரு துண்டை இடம் மாற்றிப் போட்டாலோ திருப்பிப் போட்டாலோ அந்தப் பொருத்தம் போய்விடும்.

படியில் இறக்கும்போது பட்டைக் கயிறு போட்டு, கல்லை விளிம்பிலேயே நிறுத்தி, மேலே ஒருவர், கீழே இருவர். பாரம் கீழே நிற்பவர்கள் மேல்தான் வரும், பலசாலி கீழே இருக்க வேண்டும். யாரும் வீரம் காட்டாமல் படிக்குப் படி நின்று இறக்கினால் பிரச்சினை இல்லை. சட்டத்தைக் கவிழ்த்துப் போர்வை மேல் வைத்துக் காலைக் கழற்றினோம், சட்டம் பசை போட்டு இறுக்கியது என்பதால் அதைப் பிரிக்காமல் சாய்த்தே வெளியே எடுத்தாகிவிட்டது.

காரணம்

இப்போது முக்கியமான இடம். ஸ்லேட்டின் அடியில் ஓரம் முழுக்க மரப்பட்டி ஒட்டியிருக்கும், துணிக்குப் பின் அடிக்க அதுதான் இடம், கல் சட்டத்தின் மேல் உட்காருவதும் அதன் வழியாகத்தான். இந்த டேபிளில் அது எம்.டி.எஃப். கால்பக்கத் துண்டை நிமிர்த்தியபோது ஜன்னல் மூலையில் அந்தப் பட்டி உப்பி, ஓரம் பூப்போல மலர்ந்து இருந்தது. வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தோம். மற்ற மூலைகளில் ஒரே கனம், இந்த மூலையில் அதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டர் அதிகம், அங்கிருந்து நகர நகரக் குறைந்து அரை மீட்டருக்குள் சமமாகிவிட்டது. கால் மில்லிமீட்டருக்கே கணக்குப் பார்க்கும் தளத்தில் இரண்டு மில்லிமீட்டர்!

எம்.டி.எஃப் தண்ணீர் குடித்து உப்பினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. ஆக, எப்போதோ ஜன்னல் வழியாக இறங்கிய சாரல் அந்தப் பட்டியை உப்பவைத்திருக்கிறது, கால்பக்கக் கல்லின் இடது ஓரம் உயர்ந்திருக்கிறது, பந்து வலது பக்கம் இழுத்திருக்கிறது. நடுக்கல்லோடு ஒரு படி தட்டுப்பட்டதும் யாரோ புட்டி போட்டிருக்கிறார்கள். இழுப்பு நிற்காததால் வலது காலுக்கு அட்டை வந்திருக்கிறது. அட்டை கால்பக்கத்தைக் கொஞ்சம் சமாளித்திருக்கும், ஆனால் ஒழுங்காக இருந்த நடுக்கல்லையும் தலைப்பக்கக் கல்லையும் சேர்த்து இடது பக்கம் சாய்த்துவிட்டது. பந்தின் அந்த நெளிவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எண்ணிப் பார்த்தால் அந்த டேபிளில் கெட்டது உள்ளங்கை அகலப் பட்டி ஒன்று. மற்றதெல்லாம் அதைச் சரிசெய்யப் போய் வந்தவை. ஒருவேளை அடியில் ஒரு தரம் தலையை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஆனால் பூல் டேபிளுக்கு அடியில் படுத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும், பந்து ஓடுவது மேலேதானே.

வீட்டுக்காரருக்குக் காலிப்பரைக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அந்த அட்டை?" என்றார். "அதை எடுத்திருந்தா பாதி சரியாயிருக்கும்ணே."

வைத்திருந்த விதம்

ஸ்லேட் மூன்றும் உட்பக்கச் சுவரில், மரச்சட்டத்தின் மேல், விளிம்பில் நிறுத்தி, லேசாகச் சாய்த்து, நடுவே அட்டைத்தாள். முன்னால் வந்து விழாதபடி ஒரு பட்டையும் போட்டோம், குழந்தைகள் வந்து போகும் இடம் என்றால் இது கட்டாயம். படுக்கவைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடி முழுவதும் சமமான பலகை வேண்டும், இரண்டு கட்டையின் மேல் பாலம் போலப் போடக் கூடாது. பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றவில்லை, பட்டியில் மிச்சமிருக்கும் ஈரம் உள்ளேயே புழுங்கும்.

ரெயில்களை ரப்பர் நுனி எதிலும் படாமல் தட்டையாக வைத்தோம். ரப்பருக்கு வெயில், சூடு, ஓசோன் மூன்றும் ஆகாது, அதனால் கூரைக்கு அடியிலும் வேண்டாம், மோட்டார் ஓடும் இடத்துக்குப் பக்கத்திலும் வேண்டாம். 1830களில் ரெயிலின் பந்து மோதும் விளிம்புக்கு, அதாவது குஷனுக்கு, ரப்பர் போட ஆரம்பித்த காலத்தில் குளிரில் அது விறைத்துப்போய் ஆட முடியாத நிலை இருந்தது, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனாலும் வயசானால் கெட்டிப்படுவது இன்றைக்கும் மாறவில்லை. தோல் பாக்கெட்டுக்குள் காகிதத்தைத் திணித்து வைத்தால் உருக்குலையாது. போல்ட், ஸ்க்ரூ பைகளை ஒரே டப்பாவில் போட்டு அந்த டப்பாவைச் சட்டத்தோடேயே கட்டிவிட்டோம். வேறு எங்காவது பத்திரமாக வைத்தால் அது கிடைக்காது, எல்லாரும் கண்ட உண்மை.

பூட்டியது

கல் கிடங்கில் இருந்தபோதே ஜன்னல் மூலைப் பட்டியில் உப்பிய நீளத்தை வெட்டி எடுத்துவிட்டு, மற்ற பட்டியின் கனத்துக்கே சீவிய பிளைவுட் துண்டை ஒட்டினோம். உப்பியதை உப்புத்தாளால் தேய்த்துச் சமன்செய்தால் போதாதா என்று ஒரு யோசனை வந்தது. கனம் சரியாகிவிடும், ஆனால் உப்பி இளகிய எம்.டி.எஃபில் ஸ்டேப்ளர் பின் பிடிக்காது, துணி அந்த மூலையில் தளரும். சுற்றிக்கொண்ட நட்டுக்கு ரெயில் மரத்தில் எபாக்சி போட்டு மறுபடி பதித்தோம், போல்ட் புதுசு.

புது இடத்தில் முதலில் சட்டத்தை மட்டும் நிறுத்தி, கால்களில் மட்டம் பார்த்து, பிறகு நடுக்கல், பிறகு ஓரக்கற்கள். ஒவ்வொரு இணைப்பிலும் நகத்தை ஓட்டிப் பார்த்துப் படி தட்டுப்பட்டால் அடியில் மெல்லிய மர ஆப்பு, நுண்மட்டத்தில் சரியான பிறகுதான் ஸ்க்ரூ முழு இறுக்கம். பழைய ஆப்புகளைப் படம் மட்டும் எடுத்திருந்தோம், திரும்பப் போடவில்லை, அவை அந்தத் தரைக்கும் அந்தக் கோளாறுக்கும் வைத்த ஆப்புகள். இரண்டு இணைப்பிலும் தேன்மெழுகு, புதுத் துணி, ரெயில், பாக்கெட்.

உருட்டிப் பார்த்ததில் பந்து நடுக்கோட்டிலேயே போய் நின்றது. தரையே வேறு என்பதால் இதை மட்டும் வைத்துக் காரணம் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், காலிப்பரில் வந்த அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் என் சாட்சி. டேபிளை இந்த முறை ஜன்னலில் இருந்து தள்ளிப் போடச் சொன்னோம், பந்தை அடிக்கும் கியூ கோலை வீசவும் அந்த இடைவெளி தேவைதானே.

புதுச் சட்டமோ பழைய சட்டமோ, இவ்வளவு பாரம் ஏறிய பிறகு கொஞ்ச நாளில் சற்று அமரும். அதனால் சில வாரம் கழித்து மறுபடி போய் மட்டம் பார்த்தோம். தலைப்பக்க இணைப்பில் துணிக்கு மேலேயே நகத்தில் உணரும் அளவு ஒரு படி வந்திருந்தது, கீழே படுத்து ஓர் ஆப்பை லேசாகத் தட்டியதில் சரியாகிவிட்டது.